வானிலிருந்து வரும் நிலக்கணக்கு



1988-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் பூகோளம் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அம்மாதம் 17-ஆம் நாள், சோவியத் நாட்டின் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து ஐ.ஆர்.எஸ். 1ஏ என்னும் நம் நாட்டுச் செயற்கைக்கோள் விண்ணுக்குச் சென்றது. நிலவளத்தையும் நீர்வளத்தையும் மேலிருந்து நோக்கி அறிந்து சொல்லும் தொலையுணர்வுப் பணிக்கு, சோதனை நிலையைக் கடந்து, நாம் அமைத்த முதற் கோள் அதுவே. வானொலிச் செய்தியில் கேட்டதை மறுநாள் வகுப்பிலே பெருமையோடு சொன்னேன். 904 கிலோமீட்டர் உயரத்தில் அது சுற்றும் என்றும், 22 நாள்களுக்கு ஒரு முறை அதே பாதையில் நம் தலைக்கு மேலே வரும் என்றும் கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

“சார், நம்ம ஏரி அதுல தெரியுமா?”

“தெரியும்” என்றேன்.

“அப்படின்னா அந்தப் படத்த நாம பாக்கலாமா, சார்?”

முதற் கேள்விக்கு உடனே விடை சொன்ன நான், இரண்டாம் கேள்விக்கு வாய் திறவாமல் நின்றேன். “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று ஏதோ சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன். அந்த இரண்டாம் கேள்விக்கு நேர்மையான விடை சொல்ல எனக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. செயற்கைக்கோளை ஏவுவது ஒரு வேலை. அது கண்டதை ஒழுங்குசெய்து, வேண்டியவர் கையில் கொண்டு சேர்ப்பது மற்றொரு வேலை. முதல் வேலையைப் பற்றி நாளேடுகள் எல்லாம் எழுதுகின்றன. இரண்டாவதைப் பற்றிப் பேசுவார் குறைவு. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அதுதான்.

செயற்கைக்கோள் படம் எடுக்கிறது என்று நாம் பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் அது அனுப்புவது படம் அன்று; எண்கள். நிலத்தைச் சதுரச் சதுரமாகக் கூறுபோட்டுக்கொண்டு, ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் எழும் ஒளி எவ்வளவு என்று அளந்து, ஓர் எண்ணாகக் குறித்து அனுப்புகிறது. ஐ.ஆர்.எஸ். 1ஏ கோளில் இருந்த இருவகைக் கருவிகளுள் பருமையானது கண்ட சதுரத்தின் ஒரு பக்கம் 72.5 மீட்டர். பக்கத்தைப் பக்கத்தால் பெருக்கிப் பாருங்கள்: 5,256 சதுர மீட்டர் வருகிறது. நம் புதுச்சேரிப் பகுதியில் ஒரு காணி என்பது 53.5 ஆர், அதாவது 5,350 சதுர மீட்டர். ஆக, அந்தக் கருவியின் கண்ணுக்கு ஒரு காணி நிலம் ஒரே புள்ளி. அந்தக் காணிக்குள் நாற்றங்கால் ஒரு மூலையிலும், களத்துமேடு ஒரு மூலையிலும், நடுவே ஒரு பனைமரமும் இருந்தாலும், எல்லாவற்றையும் கலந்து ஒரே எண்ணாக அது சொல்லிவிடும்.

ஒரு சதுரத்திற்கு ஓர் எண் என்றேனே, அதுவும் முழு உண்மையன்று. ஒளியை அது நான்கு பிரிவாகப் பிரித்து அளந்தது: நீலம், பச்சை, சிவப்பு, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 127 வரை ஓர் எண். இந்த நான்காம் ஒளியில்தான் இரகசியம் இருக்கிறது. பசுமையான இலை அகச்சிவப்பொளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. நீரோ அதை விழுங்கிவிடுகிறது. பயிர் நோயுற்றால், நம் கண்ணுக்கு இலை பச்சையாகத் தோன்றும்போதே அகச்சிவப்பு எண் மாறத் தொடங்கிவிடும். 1970-ஆம் ஆண்டளவில், பேராசிரியர் பி. ஆர். பிஷாரட்டி அவர்கள் கேரளத் தென்னந்தோப்புகளுக்கு மேலே ஹெலிகாப்டரில் அகச்சிவப்புப் படச்சுருள் பொருத்திய கேமராவைக் கொண்டுசென்று, வேர்வாடல் நோய் கண்ட மரங்களைப் பிரித்தறிந்து காட்டினார். இந்தியத் தொலையுணர்வுக் கலையின் பிள்ளையார்சுழி அது என்பர்.

இனி, அந்த எண்கள் தரைக்கு வரும் கதை. ஹைதராபாத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் ஷாத்நகர் என்று ஓர் ஊர். அங்கே 1979-இல் ஒரு தரைநிலையம் அமைந்தது. முதலில் அமெரிக்காவின் லாண்ட்சாட் கோள் அனுப்பியவற்றைப் பெற்றது. 1988 முதல் நம் கோள்களின் செய்தியையும் பெறுகிறது. செயற்கைக்கோள் ஒரு முறை அடிவானத்தில் தோன்றி மறைய ஆகும் நேரம் கால்மணிக்கும் குறைவு. அதற்குள் பேருருவான கிண்ண ஆன்டெனா அதைப் பின்தொடர்ந்து திரும்பி, வரும் எண்களையெல்லாம் சிந்தாமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வாங்கியதை அப்படியே வைத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. மூன்று குற்றங்களை அதிலிருந்து களைய வேண்டும்.

முதற் குற்றம் அளவையில் உள்ளது. கோளின் கருவியில் ஆயிரக்கணக்கான நுண்ணிய உணரிகள் ஒரே வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. நெல் அளக்கும் களத்தில் ஆயிரம் மரக்கால்கள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒரு மரக்கால் போல மற்றொன்று இராது. ஒன்று ஒரு பிடி கூடுதலாகக் கொள்ளும், மற்றொன்று குறைவாகக் கொள்ளும். குறைவாக அளக்கும் உணரி எங்கெல்லாம் செல்கிறதோ அங்கெல்லாம் படத்தில் கறுப்புக் கோடு விழும். ஆகையால் ஒவ்வொரு மரக்காலின் பிழை எவ்வளவு என்று முன்னரே கண்டு பட்டியல் வைத்துக்கொண்டு, வந்த எண்களை அதற்கேற்பத் திருத்துகிறார்கள். ஏவிய பிறகும் கருவி நாளடைவில் தேய்கிறது. பட்டியலையும் மாற்றிக்கொண்டே வர வேண்டும்.

இரண்டாவது, இடத்தில் நேரும் குற்றம். கோள் வடக்கிலிருந்து தெற்காகச் செல்லும்போது, அதன் அடியில் பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழன்றுகொண்டிருக்கிறது. சுற்றும் குயவன் திகிரியின்மேல் சுண்ணாம்புக் கட்டியால் நேர்கோடு இழுக்க முயன்றால் என்ன ஆகும்? கோடு கோணிப்போகும். நம் அட்சரேகையில் நிலம் வினாடிக்கு ஏறத்தாழ 450 மீட்டர் நகர்கிறது. 140 கிலோமீட்டர் நீளமுள்ள நிலப்பரப்பைக் கோள் பார்த்து முடிக்க இருபது வினாடிக்குச் சற்று மேலாகும். அதற்குள் நிலம் 9 கிலோமீட்டர் கிழக்கே போய்விடுகிறது. 9 கிலோமீட்டர் என்பது கிட்டத்தட்ட வில்லியனூரிலிருந்து புதுச்சேரி நகருக்குள்ள தொலைவு. திருத்தாமல் விட்டால் வில்லியனூர்க் கோபுரம் கடற்கரையில் நிற்கும்! இதனோடு கோளின் ஆட்டம், நிலத்தின் மேடுபள்ளம் ஆகியவற்றுக்கும் கணக்குப் போட்டு, ஒவ்வொரு சதுரத்தையும் அதற்குரிய அட்சரேகை, தீர்க்கரேகையில் கொண்டுபோய் உட்கார வைக்கிறார்கள்.

மூன்றாவது குற்றம் காற்றினுடையது. நிலத்திலிருந்து எழும் ஒளி புழுதி, ஈரம், பனிமூட்டம் எல்லாவற்றையும் கடந்தே மேலே செல்கிறது. கலங்கிய குளத்தின் வழியாக அடியில் கிடக்கும் காசைப் பார்ப்பது போன்றது இது. மார்கழி மாதத்து வயலையும் சித்திரை மாதத்து வயலையும் ஒப்பிட வேண்டுமானால், இரண்டு நாள்களிலும் காற்றில் இருந்த கலக்கத்தைக் கணித்துக் கழிக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால், பயிர் வாடிற்றா, அன்று பனி மிகுந்திருந்ததா என்று எவராலும் சொல்ல இயலாது.

இவ்வளவும் முடிந்த பின்னர்தான் எண்கள் படமாகின்றன. அகச்சிவப்பு எண்ணுக்குச் சிவப்பு வண்ணம் கொடுப்பது வழக்கம். ஆதலால் அப்படத்தில் செழித்த வயல் செக்கச்செவேலென்றும், நீர் நிறைந்த ஏரி கருநீலமாகவும் தெரியும். முதன்முதல் காண்பவர்கள் ஊரெல்லாம் தீப்பற்றிக்கொண்டதோ என்று திகைப்பார்கள். என் மாணவர்களும் பின்னாளில் அப்படித்தான் திகைத்தார்கள்.

பின்னாளில் என்றேன். ஏன் பின்னாளில்? 1990-களின் நடுவில், எங்கள் பாகூர் ஏரியும் வில்லியனூருக்கு வடக்கே உள்ள ஊசுட்டேரியும் அடங்கிய படம் ஒன்று பள்ளிக்கு வேண்டுமென்று ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். நீண்ட நாள் கழித்து விடை வந்தது. அதில் விலைப்பட்டியலும், நிரப்ப வேண்டிய படிவங்களும், எந்தப் பயனுக்காக என்ற விளக்கமும், மேலதிகாரியின் ஒப்புதலும் கேட்கப்பட்டிருந்தன. ஆண்டு முழுவதும் பள்ளிக்குப் படங்களும் பூகோள உருண்டையும் வாங்க ஒதுக்கிய தொகை அந்த ஒரே படத்துக்குப் போதாது. கடிதத்தை மடித்து மேசையறையில் வைத்தேன். அந்த அலுவலகத்தாரை நான் குறைகூறவில்லை. அவர்கள் விதிப்படிதான் நடந்தார்கள். ஆனால் நம் வரிப்பணத்தில் நம் ஏரியைப் பார்க்கும் கோள், நம் பள்ளிக்கு மட்டும் படம் காட்டாமல் போனது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. 1972-இல் முதல் லாண்ட்சாட் கோளை ஏவிய அமெரிக்காவும் 1980-களில் படம் விற்கும் பொறுப்பைத் தனியாரிடம் ஒப்படைத்தது. ஒரு படத்தின் விலை 4,000 டாலரையும் தாண்டிற்று. பல்கலைக்கழகங்களே வாங்க அஞ்சின. 2008-இல் அவர்கள் மனம் மாறி, பழைய படங்களையும் புதிய படங்களையும் யாவர்க்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். விலைக்கு விற்ற காலத்தில் ஆண்டுக்கு 25,000 படங்கள் போனாலே பெரிது. இலவசமாக்கிய சில ஆண்டுகளில் அது இலட்சக்கணக்கிலும், பிறகு பத்து இலட்சக் கணக்கிலும் பெருகிற்று. உழவும் காடும் பனிமலையும் பற்றிய எத்தனையோ ஆராய்ச்சிகள் அந்த ஒரு முடிவினால் பிறந்தவை. விற்றுச் சேர்த்த காசு இவற்றுக்கு ஈடாகுமா என்று கணக்கு மாணவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

இந்த இடத்தில் உங்களை ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். நம்மவர் பலர் அறியாத செய்தி ஒன்று அங்கே இருக்கிறது. 1995 டிசம்பர் 28-இல் ஏவப்பட்ட நம் ஐ.ஆர்.எஸ். 1சி கோள், 5.8 மீட்டர்ச் சதுரம் வரை பிரித்துக் காணும் கருவியைச் சுமந்து சென்றது. எண்களாகச் செய்தி அனுப்பும் குடிமைக் கோள்களில் அத்துணை நுட்பமானது 1999 வரை வேறில்லை. ஜெர்மனியில் பெர்லினுக்கு வடக்கே நொய்ஸ்ட்ரெலிட்ஸ் என்னும் ஊரில் உள்ள தரைநிலையம், 1996 முதல் நம் கோள் ஐரோப்பாவின் மேல் செல்லும்போது அனுப்பிய எண்களை வாங்கித் திருத்தி, ஓர் ஐரோப்பிய நிறுவனத்தின் வழியே அந்நாடுகளுக்கு வழங்கியது. 2003 அக்டோபர் 17-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற ரிசோர்ஸ்சாட் 1 கோளின் எண்களும் அவ்வாறே அங்கு இறங்கின.

ஐரோப்பியர் தங்கள் கண்டம் முழுவதிலும் எங்கே காடு, எங்கே வயல், எங்கே ஊர் என்று காட்டும் நிலப்பயன் படம் ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வரைகிறார்கள். கொரீன் என்று அதற்குப் பெயர். 2006-ஆம் ஆண்டுக்குரிய கொரீன் படத்தை வரைய அவர்கள் பிரெஞ்சு நாட்டு ஸ்பாட் கோளோடு நம் ரிசோர்ஸ்சாட் 1 கோளின் எண்களையும் பயன்படுத்தினார்கள். போலந்தின் உருளைக்கிழங்கு வயலையும் ஸ்பெயினின் ஒலிவத் தோப்பையும் இந்தியக் கண்ணால் பார்த்து வரைந்த படம் அது! அந்தப் படத்தில் 25 ஹெக்டேருக்குக் குறைந்த நிலத்தைத் தனியே காட்டமாட்டார்கள். 25 ஹெக்டேர் என்றால் நம் கணக்கில் ஏறத்தாழ 47 காணி. எங்கள் ஊரில் 47 காணி வைத்திருப்பவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்கும் விரல்கள் மிஞ்சும். ஐரோப்பாவுக்குப் பொருந்தும் சல்லடைக்கண் நமக்குப் பொருந்தாது.

பிறகு ஐரோப்பியர் தமக்கெனவே சென்டினல் என்னும் பெயரில் கோள்களை ஏவலானார்கள். காவற்காரர் என்பது அச்சொல்லின் பொருள். 2015 ஜூன் 23-இல் சென்ற சென்டினல் 2ஏயும், 2017 மார்ச்சு 7-இல் சென்ற 2பியும் இணைந்து, உலக நிலப்பரப்பின் ஒவ்வோர் இடத்தையும் ஐந்து நாள்களுக்கு ஒரு முறை பார்க்கும் ஏற்பாட்டைத் தொடங்கின. 290 கிலோமீட்டர் அகலமுள்ள பட்டையாக நிலத்தைப் பார்த்துச் செல்லும் அவை, ஒளியை 13 பிரிவாகப் பிரிக்கின்றன. அவற்றின் நுட்பமான சதுரம் 10 மீட்டருக்குப் 10 மீட்டர். அதாவது சரியாக ஓர் ஆர். பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற வழக்கப்படி ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று நிலம் குறிக்கும் நம் புதுச்சேரிப் பத்திரங்களின் அளவும், அந்தக் கோளின் அளவும் ஒன்றாக அமைந்துவிட்டன. குழிக் கணக்கில் சொன்னால் இரண்டு குழிக்குச் சற்றுக் குறைவு. காணிக்கு ஒரு புள்ளி என்றிருந்த நிலை போய், காணிக்கு ஐம்பத்துமூன்று புள்ளிகள் வந்துவிட்டன.

அந்த எண்கள் நம்மை வந்தடையும் வழி வியப்பானது. பாகூரின் மேல் காலை பத்தரை மணியையொட்டிக் கடந்து செல்லும் கோள், கண்டதைத் தன்னுள் பதிவு செய்துகொள்கிறது. பிறகு வடதுருவத்தை ஒட்டிய நார்வே நாட்டு ஸ்வால்பார்டுத் தீவிலோ, இத்தாலியின் மட்டேராவிலோ, ஸ்பெயினுக்குரிய கனரித் தீவுகளில் உள்ள மாஸ்பலோமாஸிலோ இருக்கும் தரைநிலையத்தின் மேல் செல்லும்போது இறக்குகிறது. அல்லது 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் மற்றொரு கோளுக்கு லேசர் ஒளிக்கதிரால் அஞ்சல் செய்கிறது. அங்கிருந்து திருத்தும் நிலையங்களுக்குச் சென்று, நான் முன்பு சொன்ன மூன்று குற்றங்களும் நீங்கி, 100 கிலோமீட்டர் அளவுள்ள சதுரத் துண்டுகளாக வெட்டப்பட்டு, நாள் குறித்துப் பெயரிட்டு, பட்டியலில் ஏற்றப்படுகிறது. திருத்திய எண்களை எவ்வளவு தூரம் திருத்தியது என்பதற்கேற்பப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். காற்றின் கலக்கம் நீக்காதது ஒரு படி. நீக்கியது அடுத்த படி. நூலகத்தில் நூல் எவ்வளவு இருந்தாலும் பட்டியல் இல்லையேல் அது வெறுங் கிடங்கே அன்றோ? எந்த நாள், எந்த இடம், எவ்வளவு மேகம் என்று கேட்டால் நொடியில் எடுத்துத் தரும் பட்டியல்தான் இந்த ஏற்பாட்டின் உயிர். வேண்டுவோர் உலகின் எம்மூலையில் இருந்தாலும் பெயர் பதிந்துகொண்டு விலையின்றி எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் விதி.

நம் நாட்டிலும் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 2009 ஆகஸ்டில் புவன் என்னும் படத்தளம் தொடங்கப்பெற்றது. 2018 மார்ச்சில் இந்திய விண்வெளித் துறையும் ஐரோப்பிய ஆணையமும் தத்தம் கோள்களின் எண்களைப் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் செய்துகொண்டன. 2023-இல் வெளியான இந்திய விண்வெளிக் கொள்கை, 5 மீட்டரும் அதனினும் பருமையுமான சதுரங்களைக் கொண்ட எண்களை யாவர்க்கும் இலவசமாக்கியது. ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தின் பூநிதி என்னும் தளத்தில் இன்று நீங்களே தேடி எடுக்கலாம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னர், பள்ளிக் கணிப்பொறி அறையில் ஒரு மாலைப் பொழுதில் முதன்முதலாக ஒரு சென்டினல் படத்தைக் கேட்டு வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். எங்கள் இணைப்பின் வேகத்துக்கு இரவு முழுவதும் ஆயிற்று. காலையில் வந்து திறந்தபோது, தென்பெண்ணையாற்றிலிருந்து சொர்ணாவூர் அணைக்கட்டு வழியாக நீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால் மெல்லிய நூலாகவும், அதன் முடிவில் பாகூர் ஏரி கருநீலத் தகடாகவும் தெரிந்தன. மாணவர்கள் தத்தம் தெருவைத் தேடினார்கள். ஒரு பெண் வேறொன்றைக் கவனித்தாள். “சார், கோட்டையே காணோமே! எது நம்ம ஊரு, எது கடலூர் மாவட்டம்?” என்றாள். நம் கொம்யூன்கள் தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடப்பவை என்பதை நீங்கள் அறிவீர்கள். ஊசுட்டேரியே பாதி இங்கும் பாதி அங்குமாகக் கிடக்கிறது. வானிலிருந்து பார்த்தால் ஏரி ஒன்றுதான், வாய்க்கால் ஒன்றுதான்.

ஆனால் அந்தப் படம் எங்களை ஏமாற்றவும் செய்தது. ஓர் ஏரியின் உட்புறம் நல்ல சிவப்பாகத் தெரிந்தது. ஏரிக்குள்ளே பயிர் செய்திருக்கிறார்கள் போலும் என்று மாணவர்கள் எழுதினார்கள். மறுநாள் கரையேறிப் பார்த்தால், வறண்ட தரையில் வேலிகாத்தான் முள் அடர்ந்து மண்டிக் கிடந்தது. செயற்கைக்கோளுக்குப் பசுமை பசுமைதான். நெல்லென்றும் முள்ளென்றும் பிரித்துச் சொல்ல ஒரு நாள் படம் போதாது. பருவம் முழுவதும் வந்த படங்களை அடுக்கிப் பார்த்தால், நட்டுக் கதிர்விட்டு அறுவடையாகும் நெல்லின் ஏற்ற இறக்கம் ஒருவிதமாகவும், என்றும் பசுமையாய் நிற்கும் முள்ளின் போக்கு வேறுவிதமாகவும் இருப்பது புலப்படும். அப்போதும் நாலு இடத்தில் நேரில் போய்ப் பார்த்தே தீர வேண்டும். இதற்குக் களச்சான்று என்று பெயர். 1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு நம் பகுதி ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியபோதும், கரையோரம் நடந்து ஊராரைக் கேட்டுத்தான் வேலை செய்தார்கள்.

மற்றொரு தடை மேகம். நமக்கு மழை பொழிவது ஐப்பசி, கார்த்திகையில். வெள்ளமும் அப்போதுதான். வெள்ளத்தைக் காட்ட வேண்டிய நாளில்தான் ஒளியால் பார்க்கும் கோளுக்குக் கண் மறைக்கப்படுகிறது. இதற்கு மாற்றாக ராடார்க் கோள்கள் உள்ளன. அவை தாமே நுண்ணலையைக் கீழே செலுத்தி, அது திரும்பி வருவதை அளக்கின்றன. மேகமும் இருளும் அவற்றுக்குத் தடையல்ல. அமைதியாய் நிற்கும் நீர்ப்பரப்பு கண்ணாடி போல அலையை வேறு பக்கம் தெறித்துவிடுவதால், வெள்ளம் சூழ்ந்த இடம் படத்தில் கறுத்துத் தெரியும். ஐரோப்பாவின் சென்டினல் 1 வகையும், நாம் 2022 பிப்ரவரி 14-இல் ஏவிய இ.ஓ.எஸ். 04 கோளும் இத்தகையவை.

2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்து, சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,60,000 கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட, தென்பெண்ணை பெருகி டிசம்பர்த் தொடக்கத்தில் பாகூர்ப் பகுதி ஊர்களுக்குள் புகுந்தது. அப்போது சென்டினல் 1 வகையில் ஒரே கோள்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அதன் இணைக்கோள் 2021 டிசம்பரிலேயே மின்பழுதால் நின்றுவிட்டது. அதற்கு மாற்றான 1சி ஏவப்பட்டது 2024 டிசம்பர் 5-இல். ஒரு கோள் அதே பாதைக்குத் திரும்ப 12 நாள்கள் ஆகும். வெள்ளமோ 12 நாள்கள் நமக்காகக் காத்திருப்பதில்லை. கோள்களின் எண்ணிக்கையும், இறக்கிய எண்ணை எத்தனை மணி நேரத்தில் திருத்தி வழங்குகிறார்கள் என்பதும் விஞ்ஞானிகளின் பெருமைக்கான செய்திகள் அல்ல. படகை எந்தத் தெருவுக்கு முதலில் அனுப்புவது என்பதைத் தீர்மானிக்கும் செய்திகள்.

அந்த வெள்ளம் வடிந்த பிறகு என்னைத் தேடி ஒருவர் வந்தார். 1988-இல் கடைசி வரிசையிலிருந்து எழுந்து கேட்ட பையன்தான். அன்று ‘அவன்’ என்றேன். ஐம்பது வயதைக் கடந்து, தகப்பனார் நிலத்தைத் தாமே உழுதுவரும் அவரை இன்று ‘அவர்’ என்பதே முறை. ஆற்றங்கரையை ஒட்டிய அவருடைய சம்பா வயலில் மணல் ஏறிவிட்டது. கணக்கெடுக்க வந்தவர்கள் சாலையிலிருந்தே பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம். “சார், அந்தப் படத்துல என் வயல் தெரியுமா?” என்றார். முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே கேள்வி!

இம்முறை என்னால் படத்தைக் காட்ட முடிந்தது. வானம் வெளுத்த ஒரு நாளில் எடுத்தது; புயலுக்கு முன் எடுத்த ஒன்றையும் பக்கத்தில் வைத்தேன். முன்னதில் சிவந்திருந்த வயல் பின்னதில் வெளிறிக் கிடந்தது. “இது எத்தன தேதி எடுத்தது?” என்று அவர் முதலில் கேட்டார். நல்ல மாணவர் கேட்க வேண்டிய கேள்வி. தண்ணீர் நின்ற நாள்களில் எடுத்த படம் அது அன்று; ஆகையால் எத்தனை நாள் மூழ்கியது என்பதற்கு அது சாட்சி சொல்லாது; மணல் எங்கே கிடக்கிறது என்பதற்குத்தான் சொல்லும். அதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

அவருடைய பத்திரத்தில் உள்ள பரப்பு 64 ஆர். படத்தைப் பெரிதாக அச்சிட்டு, சதுரக் கட்டம் போட்டு, வரப்புகளை அடையாளம் கண்டு எண்ணினோம். ஓரத்துக் கட்டங்கள் பக்கத்து வயலோடு கலந்து கிடந்ததால் கணக்கு ஒன்றிரண்டு கூடக் குறைய வந்தது. பிறகு தாளை எடுத்துக்கொண்டு இருவரும் வயலில் இறங்கினோம். படத்தில் ஒன்றுபோல் வெளிறித் தெரிந்த கட்டங்களில், சிலவற்றில் முழங்கால் அளவு மணல். சிலவற்றில் மெல்லிய வண்டல்தான், கையால் விலக்கினால் அடியில் பயிரின் தூர் இன்னும் பச்சையாக இருந்தது. மணல் ஏறிய கட்டத்துக்குப் பெருக்கல் குறியும், தூர் பிழைத்திருந்த கட்டத்துக்கு வட்டமும் அவர் பென்சிலால் இட்டுக்கொண்டே வந்தார். பதினேழு கட்டங்கள் முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “மிச்சத்த நாளைக்குக் காலைல பாத்துடலாம், சார்” என்றார்.